பாம்பு வராட்டி?

6 மே 2025, மண்டபம்

சென்னையிலிருந்து தம்பி மகள் அனுப்பிய பெட்டியைப் பிரித்து அடுக்கினேன். தூலிகா, தாரா, பிரதம் படப் புத்தகங்கள், பாரதி புத்தகாலயத்தின் சிறுவர் வெளியீடுகள், அமெரிக்கப் புத்தகங்கள் கொஞ்சம். மேலே ஒரு தாள்: ‘அத்தை, எல்லாம் தன்னம்பிக்கைப் புத்தகம். உங்க ஊர்ப் பிள்ளைங்களுக்குத் தேவைப்படும்.’

எங்கள் ஊரில் தன்னம்பிக்கைக்கா பஞ்சம்? சுவருக்குச் சுவர் எழுதிக் கிடக்கிறது. பேருந்து நிலையம், ஜெராக்ஸ் கடை, டியூஷன் சென்டர், சலூன் எங்கும் கலாம் சிரிக்கிறார். ஆண்டு விழாவில் நாலு வயதுப் பிள்ளைக்கு நரைமுடி டோப்பா மாட்டி மேடையேற்றுகிறோம். ராமேஸ்வரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் பிறந்துவிட்ட பாவத்துக்கு, என்னவாகப் போகிறாய் என்று கேட்டால் விஞ்ஞானி என்று சொல்லாமல் தப்ப முடியாது. நான் டீச்சராக இருந்த காலம் முழுக்க அந்தப் பதிலைக் கேட்டிருக்கிறேன். சொல்லிவிட்டுப் பிள்ளை தன் இடத்துக்குப் போய் உட்காரும். அந்த இடம் எங்கே என்று யாரும் பார்ப்பதில்லை.

அரசுப் பள்ளியில் இன்னும் வேலையில் இருக்கும் தோழி ‘வாசிப்பு இயக்க’ப் புத்தகங்கள் ஒரு கட்டு கொடுத்திருக்கிறாள். 2023இல் பள்ளிக் கல்வித் துறை தொடங்கியது. புத்தகங்களுக்கு நான்கு படிகள்: நுழை, நட, ஓடு, பற. வகுப்பு எண் கிடையாது. ஐந்தாம் வகுப்புப் பையன் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனாக இருந்தாலும் ‘நுழை’யைக் கையில் எடுக்க வெட்கப்பட வேண்டாம். ‘ஒன்றாம் வகுப்புப் புத்தகம்’ என்று அட்டையில் போட்டிருந்தால் தொட்டிருப்பானா? யோசித்தவர் பிள்ளைகளோடு புழங்கியவராகத்தான் இருக்க வேண்டும்.

நாளையிலிருந்து சாயங்காலம் திண்ணையில் வாசிப்பு. அக்னி நட்சத்திரம் கொளுத்துகிறது, வெயில் தாழ்ந்த பிறகுதான் முடியும். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். அப்பாமார் வீட்டில் இருக்கிறார்கள். அதனாலேயே பிள்ளைகள் தெருவில் இருக்கிறார்கள்.

9 மே

கடற்கரைத் தெருப் பிள்ளைகள் வந்தார்கள். மரைக்காயர்பட்டினத்திலிருந்து ஒரு கும்பல். முகாமிலிருந்து மூன்று பேர். முகாம் என்றால் இங்கே ஒன்றுதான். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று 2021இல் பெயர் மாற்றினார்கள், வாயில் இன்னும் ‘கேம்ப்’தான். அந்த மூவரில் ஒருவன் 2022இல், இலங்கையில் அரிசிக்கும் பால்மாவுக்கும் வரிசை நின்ற காலத்தில், அம்மாவோடு வந்தவன். கடைசிப் பாயில், சுவரோரம் உட்கார்ந்தான்.

இன்று படித்தது காளியின் கதை. ஜாய் விட்டேக்கர் எழுதி, ஸ்ரீவித்யா நடராஜன் படம் வரைந்து, தூலிகா போட்டது. காளி இருளர் வீட்டுப் பையன். அப்பா பாம்பு பிடிப்பவர். அதை வகுப்பில் சொல்லக் கூச்சம். அவன் கொண்டுபோகும் ஈசல் வறுவலைப் பார்த்து மற்றவர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஒருநாள் வகுப்புக்குள் சாரைப்பாம்பு வந்து விழுகிறது. வாத்தியார் முதல் எல்லோரும் அலற, காளி அதைப் பிடிக்கிறான். அதன் பிறகு அவன்தான் வகுப்பின் நாயகன்.

வெறும் கற்பனை இல்லை. இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் தொடங்கியது. கடிக்கு மருந்து தயாரிக்க விஷம் எடுத்துக் கொடுப்பவர்கள் அவர்கள். வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இதையும் சொன்னேன்.

கடற்கரைத் தெருக்காரர்கள் அசரவில்லை. “வலையில கடல்பாம்பு ஏறி வந்தா எங்கப்பா வாலப் புடிச்சுத்தான் வீசுவாரு. தெனம் நாலு வரும்” என்றான் ஒருவன். சாரை கடித்தால் ஒன்றும் ஆகாது, கடல்பாம்பு கடித்தால் ஆள் காலி, ஆகவே அவன் அப்பாதான் பெரிய ஆள் என்று தீர்ப்பும் ஆயிற்று.

கடைசிப் பாயிலிருந்து ஒரு குரல். “டீச்சர், பாம்பு வராட்டி?”

“வராட்டி என்ன? மறுநாள் வரும்” என்றாள் முன்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தி. கடலில் பாசி எடுக்கிற வீடு. பேச்சில் வெட்டு ஒன்று துண்டு ரெண்டு.

“மறுநாளும் வராட்டி?”

“அப்ப பல்லி வரும், போ.”

எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். நான் அடுத்த புத்தகத்தை எடுத்தேன்.

10 மே

பாம்பு வராவிட்டால் காளி எங்கே உட்கார்ந்திருப்பான்?

ராத்திரி பெட்டியை மறுபடி கிளறினேன். பாதிக் கதைகளுக்கு ஒரே எலும்புக்கூடு. ஒரு பிள்ளை மற்றவர்களைப் போல இல்லை. ஒதுக்குகிறார்கள். ஆபத்தோ மேடையோ வருகிறது. அந்தப் பிள்ளையின் வேறுபாடே அன்றைக்கு உதவுகிறது. கூட்டம் கைதட்டுகிறது. 1955இல் தாரோ யாஷிமா எழுதிய ‘காக்கைப் பையன்’ கதையும் ஏறக்குறைய இந்த வழிதான். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நடந்து வரும் ஜப்பானியச் சிறுவன், ஆண்டுக் கணக்கில் வகுப்பில் தனியாள். கடைசியில் மேடையேறி விதவிதமாகக் காக்கை போலக் கத்திக் காட்டுகிறான், ஊரே கண்கலங்குகிறது.

ஆனால் யாஷிமா ஒன்றைச் செய்திருக்கிறார். மேடைக்கு வெகு முன்னால் இசோபே என்ற புது வாத்தியார் வருகிறார். பையனோடு பேசுகிறார். அவனுக்குத் தெரிந்த செடிகொடிகளைக் கேட்டுக்கொள்கிறார். அவன் கிறுக்கலைச் சுவரில் ஒட்டுகிறார். யாரும் கைதட்டாத பக்கங்கள் அவை. அந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்தவையும் அவைதான்.

திறமையைக் காட்டினால் சேர்த்துக்கொள்வோம் என்பது ஒதுக்கிய கூட்டத்துக்கு ரொம்ப வசதியான ஏற்பாடு. அவர்கள் எதையும் மாற்ற வேண்டியதில்லை. டிக்கெட் வாங்க வேண்டியவன் காளிதான்.

காளி கதையைக் குறை சொல்லி ஒதுக்கவும் மனம் வரவில்லை. இருளர் பையன் ஒருவன் அட்டைப்படத்தில் நிற்பதே நம் ஊரில் அபூர்வம். பிள்ளைகளுக்குப் புத்தகம் கண்ணாடியாகவும் வேண்டும், சன்னலாகவும் வேண்டும் என்று ருடின் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கப் பேராசிரியை 1990இல் எழுதினார். தமிழில் கண்ணாடிக்கு இன்னும் தட்டுப்பாடுதான். கிடைத்த கண்ணாடியில் கீறல் இருக்கிறது என்று தூக்கி எறிய முடியாது.

13 மே

லியோ லியோனியின் ‘ஸ்விம்மி’. 1963இல் வந்தது. ஆங்கிலப் பிரதி, படத்தைக் காட்டிக்கொண்டே தமிழில் சொன்னேன். சிவப்புக் குட்டி மீன்களுக்கு நடுவே ஒன்று மட்டும் கறுப்பு. சூரை மீன் வந்து மொத்தக் கூட்டத்தையும் விழுங்கிவிடுகிறது, கறுப்பன் மட்டும் தப்புகிறான். கடலெல்லாம் சுற்றி இன்னொரு சிவப்புக் கூட்டத்தைப் பார்க்கிறான். சூரைக்குப் பயந்து பாறை இடுக்கில் ஒளிந்திருக்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து ஒரு பெரிய மீன் மாதிரி நீந்துவோம், நான் கண்ணாக இருக்கிறேன் என்கிறான். பெரிய மீன்கள் ஓடுகின்றன.

இந்தக் கரைப் பிள்ளைகளிடம் மீன் கதையோடு போவது வம்பு என்று தெரிந்தேதான் எடுத்தேன்.

“செவப்புன்னா என்ன மீனு? நகரையா?”

“நகர அடியில கெடக்கும். இப்படி மேல கூட்டமாத் திரியாது. சாளதான் திரியும். சாள செவப்பில்ல.”

“சூர வந்தா மேல பறவ சுத்துமே, படத்துல ஒண்ணையும் காணோம்.”

இப்படியே அரை மணி. பிறகு, நீங்கள் எல்லோரும் பெரிய மீனாக நின்றால் யார் எங்கே என்று கேட்டேன். அத்தனை பேரும் கண். அடிதடி வராத குறை. பாசி வீட்டுக்காரிதான் கேட்டாள், “எல்லாரும் கண்ணுன்னா வாலு யாரு?” வால் என்றதும் இளிப்பு. ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் அப்பா படகில் டிரைவர். “வாலுதான திருப்பும்? சுக்கான் பின்னாடிதான இருக்கு. நான் வாலு.” சொல்லிவிட்டுக் கடைசிப் பாய்க்குப் போய் முகாம் பையன் பக்கத்தில் உட்கார்ந்தான். அதன் பிறகு வாலுக்கு அடிதடி.

லியோனி பெரிய கலைஞர். நீர்வண்ணத்தில் அவர் செய்திருக்கும் கடலைக் கையால் தடவிப் பார்த்தார்கள் பிள்ளைகள். ஆனால் எல்லோரும் சேர்ந்து ஓர் உருவம் ஆன பிறகும் பெயர் உள்ளது ஒரே மீனுக்குத்தான். மற்றவை சிவப்பு நிறம் மட்டும். சுக்கான்காரன் அதைத்தான் திருத்தினான். திருத்துகிறோம் என்று அவனுக்குத் தெரிந்திருக்காது, தெரிய வேண்டியதும் இல்லை.

திண்ணைக்கு வெளியே வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து போகும்போது சொன்னார்: “கதையெல்லாம் சரிதான் டீச்சரம்மா. ஆனா மீனு இப்படி ஒண்ணு கூடி நின்னாத்தான் வலைக்கு லேசு. நம்ம சோறே அதுலதான்.”

16 மே

கச்சான் காற்று. திண்ணை முழுக்க மணல், கரண்டும் இல்லை. நாலு பேர் வந்து புத்தகத்தால் விசிறிக்கொண்டு போனார்கள்.

18 மே, ஞாயிறு

தங்கச்சிமடத்தில் சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பு. அப்படியே ராமேஸ்வரமும் போய்விட்டு ரயிலில் திரும்பினேன். ஏப்ரல் 6இல் திறந்த புதுப் பாம்பன் பாலம். பெட்டியில் பாதிப் பேர் சன்னல் பக்கம் செல்போனோடு நின்றார்கள். பக்கத்தில் 1914ஆம் வருஷத்துப் பழைய பாலம் துருவேறி நிற்கிறது, அதைப் படம் எடுப்பாரில்லை.

மசூதித் தெருவில் கலாம் வீட்டு வாசலில் கும்பல், உள்ளே போகவில்லை. வீட்டுக்கு வந்து ‘அக்னிச் சிறகுக’ளை எடுத்துக் கடைசி பெஞ்சுக் கதை வரும் இடத்தை மட்டும் படித்தேன். ஊருக்கே தெரிந்த கதைதான். ஐந்தாம் வகுப்பு. தொப்பி போட்ட கலாமும் பூணூல் போட்ட ராமநாத சாஸ்திரியும் முதல் வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவார்கள். புதிதாக வந்த வாத்தியாருக்கு அது பொறுக்கவில்லை. கலாமைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்புகிறார். கலாம் போய் உட்கார்கிறார், ராமநாதன் அழுகிறான். இரண்டு பிள்ளைகளும் வீட்டில் போய்ச் சொல்கிறார்கள். ராமநாதனின் அப்பா பட்சி லட்சுமண சாஸ்திரி, கோயிலின் பெரிய குருக்கள். வாத்தியாரைக் கூப்பிட்டு விட்டு, பிள்ளைகள் மனதில் விஷத்தைக் கலக்காதீர், மன்னிப்புக் கேளும், இல்லையேல் ஊரைவிட்டுப் போம் என்கிறார். வாத்தியார் திருந்துகிறார்.

முன்பு எத்தனை முறை படித்தும் கண்ணில் படாதது இன்று பட்டது. இந்தக் கதையில் கலாம் ஒன்றுமே செய்யவில்லை. கெட்டிக்காரத்தனம் எதையும் காட்டவில்லை. வாத்தியாருக்குப் பதிலடி கிடையாது. ராக்கெட்டுக்கு இன்னும் வெகுகாலம் இருக்கிறது. அன்றைக்கு அவர் படகு வைத்திருந்த ஜைனுலாப்தீன் மகன், அவ்வளவுதான். போகச் சொன்னார்கள், போனார். நகர வேண்டியவர்கள் பெரியவர்கள், நகர்ந்தார்கள். தன்னம்பிக்கையின் மாவட்டச் சின்னமாக நாம் நிறுத்தியிருக்கும் மனிதரின் பால்யத்தில், தன்னம்பிக்கை கொஞ்சமும் தேவைப்படாத ஒரு நாள் இது!

அப்புறம் சிவசுப்பிரமணிய ஐயர், அறிவியல் வாத்தியார். கலாமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுகிறார். மனைவி தன் சமையலறையிலிருந்து பரிமாற மறுக்க, ஐயரே பரிமாறிப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். புறப்படும்போது அடுத்த வாரமும் வா என்கிறார். மறுவாரம் அந்த அம்மாவே உள்ளே அழைத்துப் போய்ப் பரிமாறுகிறார். இங்கேயும் பையனின் வேலை சாப்பிடுவது மட்டும்.

எல்லாப் பிள்ளைக்கும் ஒரு லட்சுமண சாஸ்திரி வாய்ப்பதில்லை என்பதும் உண்டு. அந்தக் காலத்து ராமநாதபுரத்தில் சேரியிலிருந்து ஒரு பிள்ளை பள்ளிக்கு வந்திருந்தால் முதல் வரிசையில் உட்கார விட்டிருப்பார்களா, பின்னுக்குத் தள்ளினால் அவனுக்காக யார் ஆளனுப்பி இருப்பார்கள்? ராமேஸ்வரத்தின் சமரசம் பேசும்போது இந்தக் கேள்வியை மடியில் கட்டிக்கொண்டுதான் பேச வேண்டும்.

நான் பார்த்த கலாம் படக்கதைகளில் இந்த பெஞ்சுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் ஏவுகணைக்கு ஏழு பக்கம் ஒதுக்குகிறார்கள்.

21 மே

பெஞ்சுக் கதையைப் பக்கம் பக்கமாகப் பிரித்துச் சொன்னேன். கரும்பலகையில் முதல் பெஞ்சு, கடைசி பெஞ்சு, நடுவில் நடைவழி. நான் வரைந்த தொப்பி தொப்பி மாதிரியே இல்லை என்று மரைக்காயர்பட்டினத்துப் பையன் வந்து அழித்துவிட்டு ஒழுங்காக வரைந்தான்.

உங்கள் வகுப்பில் எப்படி என்று கேட்டேன். கொட்டினார்கள். உயரப்படி. மார்க்குப்படி. பேசினால் பெண்பிள்ளைகளுக்கு நடுவே. கண்ணாடி போட்டவர்கள் முன்னால். தனியார் பள்ளியில் படிக்கும் ஒருத்தி, ஃபீஸ் கட்டாதவர்கள் அன்றைக்கு நிற்க வேண்டும் என்றாள். முகாம் பிள்ளைகள் மூன்று பேரும் வெவ்வேறு வகுப்பு, ஆனால் மூவருக்கும் கடைசி வரிசைதான். அப்படி உட்காரச் சொன்னது யார் என்று கேட்டேன்.

“ஒருத்தரும் சொல்லேல்ல டீச்சர். நாங்களாத்தான் போய் இருந்தனாங்கள்.”

யாரும் சொல்லாமலே போய் உட்கார்வதைத்தான் எந்தப் படப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. எப்படி வரைவது? அதில் வில்லன் வாத்தியார் இல்லையே.

தொப்பி வரைந்தவனுக்கு வேறு கவலை. “அந்த சார் கலாம்கிட்ட சாரி சொன்னாரா?” வருந்தினார், மனம் மாறினார் என்றுதான் புத்தகத்தில் இருக்கிறது என்றேன். “மனசு மாறினது கலாமுக்கு எப்படித் தெரியும்?” சாரி சொல்கிற மாதிரி ஒரு பக்கம் வரைய வேண்டும் என்று ஒரு கட்சி, நடந்தது தெரியாமல் வரையக் கூடாது என்று நான். கடைசியில், வாத்தியார் வாசலில் நிற்கிற மாதிரி மட்டும் வரைந்து விட்டுவிடலாம் என்று சமாதானம் ஆனது. வாசலில் நிற்பவர் சாஸ்திரி வீட்டு வாசலில் நிற்கிறாரா கலாம் வீட்டு வாசலிலா என்பதில் சண்டை தொடர்கிறது.

24 மே

இன்று ‘ஃபெர்டினண்ட்’. மன்ரோ லீஃப் எழுத்து, ராபர்ட் லாசன் கோட்டுப்படம், 1936. ஸ்பெயின் நாட்டுக் காளைக்கன்று. மற்றதெல்லாம் முட்டி மோதும், இது மரத்தடியில் உட்கார்ந்து பூ மோந்துகொண்டிருக்கும். தாய்ப்பசு வந்து விசாரிக்கிறது. இதற்கு இப்படி இருப்பதுதான் பிடித்திருக்கிறது என்று தெரிந்ததும் விட்டுவிட்டுப் போகிறது. தேனீ கொட்டித் துள்ளியதைப் பார்த்து முரட்டுக் காளை என்று நினைத்து மாட்ரிட் களத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே பெண்கள் தலையில் வைத்திருக்கும் பூவாசம் வர, நடுக்களத்தில் உட்கார்ந்துவிடுகிறது. வேறு வழியில்லாமல் வீட்டுக்கே அனுப்புகிறார்கள். ஃப்ராங்கோவின் ஸ்பெயினில் தடை, ஹிட்லரின் ஜெர்மனியில் எரிப்பு. பூ மோந்த ஒரு மாட்டுக்கு அவ்வளவு பயம்.

எருதுகட்டு நடக்கும் மாவட்டத்தில் இதைப் படித்தால் என்ன ஆகும்? “சீ, இதுக்குப் பருத்திக்கொட்டையும் வச்சு வளப்பாகளா?” என்றான் உச்சிப்புளிப் பக்கத்திலிருந்து லீவுக்கு வந்திருக்கும் பையன். அவன் மாமா மாடு வைத்திருக்கிறாராம். “அது உக்காந்துட்டா மாட்டுக்கு ஒண்ணுமில்ல டீச்சர், மாமாவுக்குத்தான் அசிங்கம்.”

இதைவிட நல்ல விமர்சனம் எண்பத்தொன்பது வருஷத்தில் யாரும் எழுதியிருப்பார்களா தெரியாது. பிள்ளைக்குத் தன்னம்பிக்கை இல்லை என்று என்னிடம் வந்து புலம்பிய பெற்றோர் எத்தனை பேர். பாதிப் பேருக்குப் பிள்ளையைப் பற்றிய கவலையே இல்லை, மேடையில் அது உட்கார்ந்துவிட்டால் நம் முகம் என்னாவது என்பதுதான்.

இந்தக் கன்று கடைசி வரை யாரையும் காப்பாற்றவில்லை. எதிலும் ஜெயிக்கவில்லை. போன மாதிரியே திரும்பி வந்து மரத்தடியில் உட்கார்கிறது, இடம் அப்படியே இருக்கிறது. முகாம் பையன் அந்தக் கடைசிப் படத்தைத் திருப்பிக் காட்டச் சொன்னான். ஏன் என்று கேட்டேன். “சும்மா.” கேட்காமலே இருந்திருக்கலாம்.

உச்சிப்புளிக்காரன் இத்தனை திட்டியும் புத்தகத்தை வீட்டுக்கு வாங்கிப் போயிருக்கிறான்.

28 மே

தாளை எட்டாக மடித்து, நடுவில் கீறி, எல்லோரும் ஒரு புத்தகம் செய்தார்கள். ‘நான்’ என்று தலைப்பு வைக்கச் சொல்லி தம்பி மகள் யோசனை சொல்லியிருந்தாள். தலைப்பே சொல்லாமல் விட்டேன்.

தொப்பிக்காரனின் புத்தகத்தில் அப்பா பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறார், எப்போதும் ஒரு செவ்வகத்துக்குள். தம்மாமில் இருக்கிறாராம், செவ்வகம் செல்போன். ஒரு பக்கத்தில் செவ்வகம் மட்டும், உள்ளே வட்டமாக ஏதோ சுற்றுகிறது. “நெட்டு இல்ல” என்றான்.

பாசி வீட்டுக்காரி அம்மா தண்ணீருக்குள் இறங்குவதை வரைந்தாள். இவ்வளவு துல்லியமாக ஒரு அச்சுப் புத்தகத்தில் நான் பார்த்ததில்லை. விரல்களில் சுற்றிய துணிக்கீற்று, காலில் கட்டிய ரப்பர், கண்ணாடி, இடுப்பில் கட்டிய பை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் வற்றும் நாள்களில் தீவுப் பக்கம் வத்தையில் போய், மூச்சடக்கி மூழ்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிடுங்கும் பெண்கள். ஆனால் படத்தில் அம்மாவுக்கு முகம் இல்லை. முடி இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது, முகம் வெறும் தாள். ஏன்டி என்றேன். “அடையாளம் தெரிஞ்சுரும்ல.” 1986இலிருந்து அந்தத் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே பாசி எடுக்கத் தடை. அம்மா எங்கே இறங்குகிறாள் என்பது வெளியே சொல்லக் கூடாத விஷயம் என்று இவளுக்கு எழுத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

பாம்பன் சின்னப்பாலத்தில் இதே வேலை செய்யும் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் ‘சீகாலஜி’ விருது கிடைத்ததைச் சொன்னேன். தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்கு அமெரிக்காவில் கொடுப்பது. “அவுக மொகத்த பேப்பர்ல போட்டாகளா?” போட்டார்கள் என்றேன். யோசித்தாள். ஆனாலும் முகம் வரையவில்லை.

முகாம் பையன் எட்டுப் பக்கமும் தோனி. ஹெலிகாப்டர் ஷாட், கீப்பிங், ஏழாம் நம்பர் சட்டை. பார்க்க வந்திருந்த தோழிக்குக் கொஞ்சம் ஏமாற்றம். படகு வரைவான் என்று நினைத்தாளாம். முகாமுக்கு வெளியாட்கள் வந்தால் எப்போதும் அதுதான் நடக்கும். கலர் பென்சில் கொடுப்பார்கள், நீ வந்த படகை வரை, உன்னை இறக்கிவிட்ட மணல் திட்டை வரை என்பார்கள். இவன் இதுவரை எத்தனை படகு வரைந்து கொடுத்தானோ. காளியிடம் பாம்பைக் கேட்கிறோம், இவனிடம் படகைக் கேட்கிறோம். திறமை இல்லையென்றால் காயத்தையாவது காட்டு என்பது மாதிரி. ‘சேர்த்துக்கொள்ளுதல்’ பற்றிய நல்லெண்ணப் புத்தகங்களில் பலவும் இப்படித்தான், அகதிப் பிள்ளை அட்டையிலேயே அழுதுகொண்டிருக்கும். அது கிரிக்கெட் ஆடுகிற ஒரு புத்தகம் வரட்டுமே.

தோனிக்கு முடி நீளமா கட்டையா என்று சுக்கான்காரனுக்கும் இவனுக்கும் பெரிய சண்டை. சுவரோரத்தில் இருந்தவன் நடுத்திண்ணைக்கு வந்துவிட்டான்.

1 ஜூன்

நாளை பள்ளி திறப்பு. புத்தகங்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாயிற்று. நோட்டில் பெயர் எழுதிக்கொண்டேன். காளி கதைக்கு மூன்று பேர் போட்டி, சீட்டுக் குலுக்கல்.

14 ஜூலை

நாளை காமராசர் பிறந்த நாள், கல்வி வளர்ச்சி நாள். பேச்சுப் போட்டிக்கு எழுதிக் கொடுங்கள் என்று வாசலில் நாலு பேர்.

தோழி வந்திருந்தாள், ஒரே சிரிப்பு. மலையாளத்தில் ‘ஸ்தானார்த்தி ஸ்ரீக்குட்டன்’ என்ற படத்தைப் பார்த்துவிட்டு கேரளத்தில் சில பள்ளிகள் கடைசி பெஞ்சையே ஒழித்தன அல்லவா, நம் பள்ளிக் கல்வித் துறையும் வகுப்பறையில் ‘ப’ வடிவில் உட்கார வைக்கச் சொன்னது. உடனே எதிர்ப்பு: கழுத்து வலிக்கும், பக்கவாட்டில் இருப்பவனுக்குப் பலகை தெரியாது. இப்போது நிறுத்தி வைத்திருக்கிறார்களாம்.

“நான் சனிக்கிழமையே பெஞ்சை எல்லாம் இழுத்துப் போட்டுட்டேன்க்கா. இன்னைக்குத் திரும்ப இழுத்துப் போட்டேன். இடுப்பு போச்சு.”

“திரும்பப் போடும்போது யாரை எங்க போட்ட?”

உயரப்படியும் இல்லை, மார்க்குப்படியும் இல்லை, வாரம் ஒரு வரிசை பின்னால் நகரும், கடைசி வரிசை முன்னால் வரும் என்றாள். இது ஒன்றும் புதிதில்லை. எங்கள் காலத்திலும் சிலர் செய்தார்கள், சோம்பல்பட்டு விட்டார்கள். திங்கட்கிழமை தோறும் பத்து நிமிஷம் சத்தம். தலைமையாசிரியர் எட்டிப் பார்ப்பார். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். முகாம் பையன் இந்த ஆண்டு அவள் வகுப்பில்தான். இந்த வாரம் அவன் வரிசைக்கு முதலிடம். வேண்டாம் மிஸ், பின்னாலேயே இருக்கிறேன் என்றானாம்.

“என்ன சொன்ன?”

“எல்லாருக்கும் இதான்டா, நகருன்னேன். அடுத்த வாரம் எப்படியும் பின்னாடிதான் வரப்போறன்னேன். வந்து உக்காந்தான். உக்காந்து என்ன, பக்கத்துல சுக்கான்காரன், ரெண்டு பேரும் ஒரே பேச்சு. அடுத்த வாரம் பிரிக்கலாமான்னு இருக்கேன்.”

பிரிக்காதே என்றேன். வகுப்பு நடத்துகிறவள் நானா நீங்களா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஃபெர்டினண்ட் புத்தகம் இன்னும் உச்சிப்புளியிலிருந்து திரும்பவில்லை. நாலு நாளைக்கு முன்னால் போனில் கேட்டேன். மாமா வைத்திருக்கிறாராம்.